வத்தையில் நான் ஒரு பாரம்

நடுவில் அசையாமல் உட்கார்ந்தால் எந்தப் படகும் கவிழாது என்று நம்பித்தான் கமுதிக்காரனான நான் பாம்பனில் மீனவ நண்பனின் பாய்மர வத்தையில் ஏறினேன். நீந்தத் தெரியாதவன் வேறு எதை நம்புவது? காற்று பாயில் அறைந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“மரத்துக்கா தாலி கட்டப் போற? பலகையில ஏறி வெளிய உக்காரு மச்சான்!” என்று நண்பன் கத்தினான்.

காற்று வரும் பக்கம் கடலுக்கு மேல் நீண்டிருந்த பலகையில் தவழ்ந்தேன். நான் நகர நகரப் படகு நிமிர்ந்தது. நுனிக்குப் போனதும் நேராகவே நின்றுவிட்டது. காற்றின் தள்ளலுக்கு என் தொப்பை ஈடுகொடுக்கிறதா! பயம் மறந்து, முன்னும் பின்னும் நகர்ந்து சோதித்தேன்.

“காத்து விழுந்துருச்சு, உள்ள வாலே!”

இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்று நுனியிலேயே இருந்தேன். எதிர்த்துத் தள்ளக் காற்றில்லாமல் படகு என் பக்கம் சாய்ந்தது. நான் கடலில் விழுந்தேன். நண்பன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் போட்டான்.