சட்டையில் ஏறிய வாசம்

நம் வீட்டில் ஏன் சீயக்காய்த்தூள் வைப்பதில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அம்மா சொல்ல மாட்டாள். அப்பா நான் எழுதி வைக்கிறேன்.

உங்கள் அக்காவை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அவளுக்கு இடுப்புக்குக் கீழே முடி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாதான் தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, சிக்கெடுத்துப் பின்னுவாள். பிள்ளை போன பிறகு வெள்ளிக்கிழமை வந்தால் அம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

பெற்றோர் பார்க்க விடும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு எல்லாம் மொட்டைமாடியில் காயப்போட்டாள். மாவு மில்லில் சீயக்காயைக் கடைசியாகத்தான் அரைப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் மாவு கசந்துவிடும். மில் மூடும்வரை காத்திருந்து அரைத்து வந்தாள்.

"ஹாஸ்டல் கேட்டுக்குப் பக்கத்துல குழாய் இருக்குதுங்க. அங்கயே ஊத்தி உட்டர்றேன்" என்றாள்.

ஹாஸ்டல் வாசலில் அக்கா வந்து நின்றாள். அம்மாவோ அவளைத் தாண்டிப் பின்னால் வந்த பிள்ளைகளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரியவில்லை. கழுத்தோடு வெட்டியிருந்தார்கள்.

"ஏஞ் சாமி, முடி எங்க?"

"எல்லாத்துக்கும் வெட்டிட்டாங்கம்மா. காய வெக்கற நேரம் படிக்கலாமாம்."

நான் வார்டனிடம் போனேன். "ஏனுங்க மேடம், எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"ஒவ்வொருத்தரா கேட்டுட்டிருந்தா பாடம் எப்பங்க நடத்தறது? முடி தானா வளரும். மார்க் தானா வளருமுங்களா?"

பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பா சிரித்தார். அவர் மகளுக்கும் கழுத்தோடுதான் முடி.

அம்மா சீயக்காய்த்தூள் டப்பாவோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். "வா சாமி, இருக்கறதுக்காவது போட்டு உடறேன்."

"வேண்டாம்மா. ஈரத் தலையோட ஸ்டடிக்குப் போனா வெளிய நிக்க வெப்பாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தூள் முழுவதையும் கொட்டி என் லாரிச் சட்டையின் டீசல் கறையைத் தேய்த்தாள். கறை போகவில்லை. அதற்குப் பிறகு அவள் சீயக்காய் வாங்கவே இல்லை. அக்காவுக்கு முடி மறுபடி வளர்ந்தது. அவளே ஷாம்பு போட்டுக்கொள்கிறாள்.

அம்மா தூள் போட்டுத் தேய்த்த மறுநாள் சங்ககிரியில் லோடு ஏற்றும்போது அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். வியர்க்க வியர்க்க அக்காவின் தலை வாசம் வந்தது.

"ஏனுங்கண்ணா, இப்படி மணக்குது, ஊட்டுல விசேஷமுங்களா?" என்றார் லோடுமேன்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.