இரும்புத் தகட்டில் நின்றவர்

எட்டாம் வகுப்புக்கு வெப்பக் கடத்திப் பாடம் நடத்துவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோசைக்கரண்டிக்கு ஏன் மரப்பிடி, சட்டியை இறக்க ஏன் கரித்துணி என்று கேட்டுக் கேட்டே முடித்துவிடுவேன். ஒரே வெயிலில் கிடந்தாலும் இரும்பு தன் சூட்டைக் காலுக்குச் சட்டென்று கொடுத்துவிடும், தேங்காய்நார் அவ்வளவு சீக்கிரம் கொடுக்காது. கோயில்களில் நார் விரிப்பு போடுவது அதனால்தான் என்பேன்.

போன கத்திரி வெயிலில் அழகர்கோவில் போனோம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றிப் பாதத்தில் உணர்ச்சி செத்துக்கொண்டிருந்தது. அதற்கென்றே வாங்கிய செருப்பை வாசலில் கழற்றினார்.

“சாக்ஸாவது போடுங்க” என்றேன்.

“பெருமாளப் பாக்க எவனாச்சும் சாக்ஸ் போட்டுட்டுப் போவானா?”

சாமி விஷயத்தில் என் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்குதான். விரிப்பை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, பிரசாத தோசை வாங்க வரிசையில் நின்றேன்.

திரும்பி வந்தால் மனுஷன் விரிப்பில் இல்லை. கைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு இடம்விட்டு ஒதுங்கி, வாய்க்கால்மேல் போட்டிருந்த இரும்புத் தகட்டில் நின்றபடி பக்கத்து ஆளிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். தோசையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“என்னங்க, இறங்குங்க!”

“எதுக்கு இம்புட்டு சத்தம் போடுற? எனக்கு ஒண்ணும் செய்யலையே.”

எனக்குப் பயமே அதுதான். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் தோல் வெந்து வெள்ளையாகக் கழன்றிருந்தது. இரும்பு தன் வேலையைச் செய்துவிட்டது. அதை அவருக்குச் சொல்லவேண்டிய நரம்புதான் சொல்லவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றினேன், வேறென்ன செய்ய? அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

“எந்திரி, எல்லாரும் பாக்குறாக” என்றார்.

மதுரையில் டாக்டர், பெருவிரல் தங்குவது சந்தேகம் என்றார். எவ்வளவு உணர்ச்சி மிச்சம் என்று பார்க்க, கால் அவருக்குத் தெரியாதபடி துணியால் மறைத்துவிட்டு ஊசியை எடுத்தார். “குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க.”

ஊசி படும்போதெல்லாம் “தெரியுது டாக்டர்” என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் கவனித்தேன், அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் என் முகம் சுருங்குவதைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன்பிறகு அவரிடமிருந்து சத்தமே வரவில்லை.