ஸ்தாமென் காரும் உடையாத தட்டும்

ஸ்தாமென் தன் கருஞ்சிவப்பு லாடா காரைக் குளிப்பாட்டியதில் பாதிகூடப் பெற்ற மகளைக் குளிப்பாட்டியதில்லை என்று அவர் மனைவி கின்கா சொல்லுவாள். அதில் மிகை ஒன்றும் கிடையாது. மனிதர் ப்லோவ்டிவ் நகரில் முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். அந்த பஸ்ஸை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சொந்தக் கார் என்றதும் ஆளே மாறிவிட்டார்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் குடியிருப்பின் முற்றத்துக்கு இரண்டு வாளியோடு இறங்கிவிடுவார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு தேய்ப்புத் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, அதன்பிறகுதான் சோப்பில் முக்குவார். ஒரு பொடி மணல் துணியில் தங்கினாலும் பெயிண்டில் கோடு விழுந்துவிடுமாம். கூரையிலிருந்து கீழ்நோக்கித்தான் தேய்க்க வேண்டும், சக்கரத்துக்குத் தனித் துணி. ஈரத்தை ஒற்றி எடுத்து, மெழுகு பூசி, அது காய்ந்ததும் மெருகேற்றுவார். ஜூன் மாதம் முற்றத்து லிண்டன் மரங்கள் பிசுபிசுவென்று தேன்நீர் சொட்ட ஆரம்பித்தால் காரை இங்கும் அங்கும் நகர்த்துவதே அவருக்குப் பிழைப்பாகிவிடும்.

ஒருமுறை கின்கா பாவம் பார்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தை வாளியில் ஊற்றிக் கொடுத்தாள். மனிதர் குதித்தார்.

"போன வாரம் போட்ட மெழுகெல்லாம் வழிச்சிட்டுப் போயிடுச்சுடி! உடுதுணி இல்லாம நிக்குது பாரு!"

"அப்ப ஒரு சட்டை தச்சுப் போடு."

மூன்றாம் மாடி வெலிச்கோவுக்கு இது வாராவாரம் இலவசக் கூத்து. பால்கனியில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றுகொள்வான்.

"அண்ணே, காதுக்குப் பின்னாடி தேய்ச்சீங்களா?"

"உன் கார்ல புல்லு முளைச்சிருக்கு. மொதல்ல அத அறுடா."

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மகள் ரலித்சாவுக்குக் கல்யாணம் கூடியது. வாடகைக் காரெல்லாம் வேண்டாம், அப்பா காரில்தான் போவேன் என்றாள். ஸ்தாமெனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் மெழுகு பூசினார். பிறகுதான் தட்டு ஞாபகம் வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும் மணப்பெண் வாசலில் திரும்பி நின்று, கோதுமையும் காசும் மிட்டாயும் ஒரு முட்டையும் வைத்த பீங்கான் தட்டைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிய வேண்டும். எத்தனை துண்டாக உடைகிறதோ, அத்தனைக்கு அவள் வாழ்க்கை சந்தோஷமாக இருக்கும். வாசலுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் நாலே எட்டு.

"கின்கா, சில்லு தெறிச்சா எங்க போகும்?"

"போற எடத்துக்குப் போகும். ஏன் கேக்குற?"

"சும்மாத்தான். முட்டை மட்டும் வேண்டாம். பெயிண்ட அரிச்சிடும்."

"முட்டைக்குப் பயந்த சம்பந்தியை இந்த ஊரு இப்பத்தான் பாக்கப்போகுது!"

முட்டையைத் தட்டிலிருந்து எடுக்க வைத்ததோடு அவர் நின்றிருக்கலாம். கல்யாணத்தன்று மேளம் முழங்க, எல்லாரும் ரகியாச் சாராயம் குடித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, கின்காவின் தடித்த கம்பளி விரிப்பை உருவி வந்து பானெட்டை மூடித் தரைவரை விரித்துவிட்டார். கேட்டவர்களிடம், "பொண்ணு செருப்புல அழுக்கு படக்கூடாதுல்ல" என்றார். பானெட்டின் மேல் மணப்பெண் எதற்காக நடக்கப்போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ரகியா அப்படி.

ரலித்சா திரும்பி நின்று எறிந்தாள். தட்டு விரிப்பின்மேல் 'தொப்'பென்று விழுந்தது. கோதுமை சிதறியது, காசு உருண்டது. தட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ரலித்சா திரும்பிப் பார்த்தாள்.

"உடையலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் உதடு நடுங்கியது. ஸ்தாமெனுக்கு அவமானமாக இருந்தது. பெயிண்டைக் காப்பாற்றப் போய்ப் பெண்ணின் முகத்தை வாட வைத்துவிட்டோமே! கின்கா அவரைப் பார்த்த பார்வையில் பாத்திரம் கழுவும் திரவம் தோற்றுவிடும்.

அவர் விரிப்பை ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். தட்டை எடுத்துத் துடைத்தார், துடைக்காமல் அவருக்குக் கை ஓடாது. சிதறிய கோதுமையில் ஒரு பிடி அள்ளிப் போட்டு மகள் கையில் கொடுத்தார்.

"இப்ப போடும்மா. ஓங்கிப் போடு."

"அப்பா, காரு..."

"காரு கெடக்கு கழுதை. போடு."

ஓங்கித்தான் போட்டாள். தட்டு பானெட்டின் நட்டநடுவில் விழுந்து சுக்குநூறானது. "பதினேழு!" என்று வெலிச்கோ தரையில் மண்டியிட்டு எண்ணிக் கத்தினான். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. ரலித்சா ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே ஸ்தாமெனின் கண் பானெட்டைத்தான் தேடியது. விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அடிப்பூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

இப்போதும் சனிக்கிழமை தவறுவதில்லை, அதே இரண்டு வாளிதான். போன வாரம் வெலிச்கோ பால்கனியிலிருந்து குனிந்தான்.

"அண்ணே, அந்தக் கீறலுக்கு ஒரு பொட்டு பெயிண்ட் வெச்சா தெரியவே தெரியாது."

"தெரியாமப் போறதுக்காடா என் பொண்ணு தட்ட உடைச்சா?"

துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசி வைத்திருக்கிறார். மெழுகுத் துணியை எடுத்தால், முதலில் அங்கேதான் வைக்கிறார்.