ஒரு தட்டு என்றால் நிறுத்து

என் அக்காவை இந்த வட்டாரத்தில் 'அடைப்பு அக்கா' என்பார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றாலும், குளியலறைத் தரையில் சோப்பு நுரை திரும்பி மேலே வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போனை எடுப்பது நான். என் தையல் கடையில், வெட்டிய துணிகளுக்கு நடுவே அந்தப் போன் கிடக்கும். "அடைப்பு அக்கா இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால், "அக்கா இங்க இருக்காங்க. அடைப்பு உங்க வீட்லதான்" என்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அக்கா சொல்வாள். இருக்கட்டும்.

போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் பாடுவது ஒரே பாட்டுதான். "நாங்க எதையும் போடலைங்க, அதுவா அடைச்சுக்கிச்சு." உலகத்தில் உள்ள எல்லாக் குழாயும் அதுவாகவே அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அக்கா போய் எடுத்துப் பார்த்தால் கற்றை முடி, கெட்டியாகிப்போன எண்ணெய், பாத்திரம் தேய்க்கும் நார், கரண்டி, குழந்தையின் காலுறை. எல்லாவற்றையும் வாளியில் போட்டு வீட்டுக்காரரிடம் காட்டுவாள். காட்டாவிட்டால் அடைப்பு எடுத்ததாக நம்ப மாட்டார்கள். பார்த்தவுடன், அந்த நேரம் வீட்டில் இல்லாத ஆள்மேல் பழியைப் போடுவார்கள். மாமியார் வெளியூர் போயிருந்தால் மாமியார், கணவன் வேலைக்குப் போயிருந்தால் கணவன். அக்கா யாருக்கும் புத்தி சொல்வதில்லை. "இனிமே ஒரு சல்லடை போட்டுக்குங்க" என்பதோடு சரி.

மாமா, அதாவது அவள் கணவர், குழாய் பொருத்துகிறவர். கல்யாணமான புதிதில் டார்ச் பிடிக்கத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். குழாய் பொருத்துவதில் மாமா கெட்டிக்காரர். அடைப்பு என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் பலம்தான்: குத்து, தள்ளு, இடி. ஒரு வீட்டில் சுவருக்குள்ளேயே குழாயை உடைத்து, கீழ்வீட்டுக்காரர் படுக்கையில் தண்ணீரை இறக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் கையிலிருந்து ஸ்பிரிங்கை வாங்கிய அக்கா அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஸ்பிரிங் என்பது விரல் தடிமனில் சுருள்சுருளாக முறுக்கிய நீளமான கம்பி. முனையில் கொக்கி இருக்கும். அதைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கை சொல்லிவிடும் என்பாள். முடி என்றால் பிடித்துப் பிடித்து விடுமாம், எண்ணெய் என்றால் வழுக்குமாம், துணி என்றால் திணறுமாம், மர வேர் என்றால் கடிக்குமாம். நானும் ஒருநாள் பிடித்துப் பார்த்தேன். எனக்குக் கம்பி கம்பியாகத்தான் இருந்தது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீட்டுக்குள், ஸ்பிரிங்கோடு. இன்னொருவர் வெளியே, கழிவுநீர் வந்து விழுகிற சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. நடுவில் சுவர்கள் இருக்கும். கத்தினால் கேட்காது, கேட்கிற மாதிரி கத்தினால் தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிடும். அதனால் இவர்கள் குழாயைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். வெளியே இருப்பவர் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு என்றால் தள்ளு. மூன்று என்றால் பின்னால் இழு. சண்டை போட்டுக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் இந்தப் பேச்சு மட்டும் நிற்காது. மாமா, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். பொண்டாட்டியிடம் பேசியதைவிட அவர் குழாயில் தட்டியதுதான் அதிகம் என்று நான் கேலி செய்வேன்.

பிறகு மோட்டார் வந்தது. ஸ்பிரிங்கைக் கையால் சுற்ற வேண்டியதில்லை. தரையில் இருக்கும் சுவிட்சைக் காலால் மிதித்தால் தானாகச் சுழலும், காலை எடுத்தால் நிற்கும். சின்னக் குளியலறை, நான்கு பக்கமும் டைல்ஸ், காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம். அக்கா அதோடு பல வருஷம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் டிவியை அலற விடுவாள். நாம் ஒன்று கேட்டால் அவள் ஒன்று சொல்வாள். சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்கிறவள் இல்லை என்பதால் எனக்கு இதெல்லாம் புதிதாகப் படவில்லை.

மாமா காய்ச்சலில் படுத்திருந்த அன்று ஒரு மாடி வீட்டிலிருந்து போன் வந்தது. கீழே குளியலறை பொங்கி, அழுக்குத் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டதாம். அந்த வீட்டம்மா அழாத குறையாகப் பேசினார். அக்கா என்னிடம், "நீ வாடி. வெளிய நின்னு தட்டினா போதும்" என்றாள்.

மாமா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "வேணாம். நாளைக்குப் போலாம்."

"அவங்க நாத்தத்துல உக்காந்திருக்காங்க. நாளைக்காம்" என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மாமா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "கைய மட்டும் உள்ள விட்டுடாத" என்றார். காய்ச்சல் வேகத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

சேம்பர் வீட்டுக்குப் பின்னால் சந்தில் இருந்தது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை மாட்டி, மூடியைத் தள்ளிவிட்டு, ஸ்பேனரோடு குந்தினேன். உள்ளே மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் குழாயின் வாயில் ஸ்பிரிங்கின் முனை சுழன்றுகொண்டே வந்தது, ஒரு கந்தல் துணி உருண்டையையும் தள்ளிக்கொண்டு. தட்டினேன். நிற்கவில்லை. பலமாகத் தட்டினேன். துணி குழாயின் வாயில் வந்து இறுகியது, ஸ்பிரிங்கும் நின்றது. மோட்டார் சத்தம் ஓய்ந்ததா என்று கவனிக்காமல், அக்கா நிறுத்திவிட்டாள் என்று நினைத்து, துணியைப் பிடித்து இழுக்கக் கையை விட்டேன். அவள் நிறுத்தியிருக்கவில்லை. துணி சிக்கிக்கொண்டதால்தான் அது நின்றிருந்தது. நான் இழுத்ததும் துணி விடுபட்டது. ஸ்பிரிங் என் கையுறையைப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்த வீட்டம்மா இறங்கி ஓடி வந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் மோட்டார் நின்றது. கையுறையை வெட்டி என் கையை எடுத்தவள் அக்காதான். கத்தரியைக் கொஞ்சமும் நடுங்காமல் பிடித்திருந்தாள்.

"தட்ட வேண்டியதுதானே" என்றாள்.

"தட்டினேன்க்கா."

"தட்டல. தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

வீட்டம்மா குறுக்கே வந்தார். "தட்டினாங்கம்மா. மாடில எனக்கே கேட்டுச்சு."

அக்கா அவர் வாயையே பார்த்தாள். தான் சொன்னது புரியவில்லையோ என்று அவர் இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அக்கா கத்தரியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இடது கையில் இரண்டு விரல் முறிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்குக் காது போனது உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஒருநாள் சேம்பர் மூடி என் கை தவறி உன் பின்னாடியே விழுந்துச்சு. தெருவுல போறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நீ திரும்பல."

அப்புறம் இத்தனை நாள் எப்படி வேலை நடந்தது என்று நான் கேட்டேன். சொன்னார். முனை பிளந்த ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தாராம். ஸ்பிரிங் வெளியே தலை காட்டியதும் ஒப்புக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, அந்தக் கம்பியால் ஸ்பிரிங்கைச் சேம்பர் சுவரோடு அழுத்துவாராம். துணி திணறுவது போலில்லாத அந்த இரும்புப் பிடி குழாய்க்குள்ளேயே போய் அக்காவின் கைக்குத் தெரியும். அவள் கால் தானாக சுவிட்சிலிருந்து எழும்பும். கை சொன்னதைக் காது சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. "என்னை முட்டாளாக்கி உள்ள உக்கார வெச்சிருக்கீங்க."

"சொன்னா வேலைய விட்டுடுவ. அது உனக்கு உசுராச்சே."

"விட்டிருப்பேன். இவ விரல் முழுசா இருந்திருக்கும்."

மாமா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இருந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. பொண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று இவர் பொத்திப் பொத்தி வைத்தது கடைசியில் என் விரலில் வந்து விடிந்தது. அன்றைக்கு அதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காதைப் பரிசோதிக்க நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அக்கா பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவள் மாதிரி டக்டக்கென்று அழுத்தினாள். பரிசோதிக்கிற பெண் என் பக்கம் திரும்பி, "நான் இன்னும் சத்தமே குடுக்கலைங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மோட்டார் சத்தத்தால் போன காது, இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னார். காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். வீட்டுப் பேச்சுக்கு உதவும், மோட்டார் பக்கத்தில் உதவாது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் முதலில் என்னிடம் சொன்னது, "நீ சாப்பிடறப்ப இவ்வளவு சத்தமா மெல்லுவியா?" என்பதுதான்.

இடத்தை மாற்றிக்கொண்டார்கள். சேம்பர் பக்கம் கண் இருந்தால் போதும் என்று அவள் வெளியே நின்றாள். மாமா உள்ளே போனார். போய்ப் பழையபடி குத்து, தள்ளு, இடி. எடுத்துவிட்டேன் என்று வருவார். மறுநாள் காலையில் அதே வீட்டிலிருந்து எனக்குப் போன் வரும். அக்கா வெளியே நின்றபடி கையை விரிப்பாள், மூடுவாள். ஒரு நாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, "கை சும்மா இருக்குடி. எதைத் தொட்டாலும் எதுவும் சொல்ல மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் விரல் முறிந்தபோதுகூட நான் அவ்வளவு அழுததில்லை.

ஒருநாள் காலையில் நைலான் கயிற்றோடு கூடத்துக்கு வந்தாள். ஒரு முனையைச் சுவிட்ச் மிதிக்கிற காலின் கணுக்காலில் கட்டிக்கொள்வது. மறுமுனையை ஜன்னல் வழியாகச் சேம்பர் பக்கம் விடுவது. வெளியே இருப்பவர் இழுத்தால் கால் எழும்பும், மோட்டார் நிற்கும். இவ்வளவுதான்.

"கால்ல கயிறு கட்டிக்கிட்டு உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார் மாமா.

"காது கேக்காதவன்னு நெனப்பாங்க. நான் அதுதானே."

மாமா சேம்பர் பக்கம் நிற்கத் தயாராக எழுந்தார். அக்கா அவரை உட்காரச் சொன்னாள். என்னைப் பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். இரண்டு விரலில் ஒன்று தேறிவிட்டது. மற்றது இன்றுவரை மடங்காது. துணியைப் பிடித்தால் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். "மாமா போகட்டும்."

"அவர் நின்னா, கயிறு வேலை செய்யுதா இல்ல அவர் சமாளிக்கிறாரான்னு எனக்குத் தெரியாது. நீதான் எனக்காகப் பொய் சொல்ல மாட்ட."

நான் இரக்கமில்லாதவள் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கிளம்பினேன்.

பல் டாக்டர் ஒருவரின் வீடு. அக்கா குளியலறையில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டிக்கொள்வதை அவர் நின்று பார்த்தார். "இது எதுக்கு?" என்று கேட்டார்.

அவர் பார்வையை வைத்தே அக்கா கேள்வியைப் புரிந்துகொண்டாள். "எனக்குக் காது கேக்காதுங்க. வெளியில இருந்து இவ இழுத்தா நிறுத்துவேன்." அன்னியர் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

டாக்டர் என்னிடம் மெதுவாக, "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றார். "வரல" என்றேன்.

வெளியே வந்து மூடியைத் தள்ளினேன். கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டேன். உடனே பயந்துபோய் அவிழ்த்துவிட்டு, சும்மா பிடித்துக்கொண்டேன். மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயின் வாயில் ஒன்றும் வரவில்லை. அந்தச் சத்தத்தை என் விரல் மறக்கவில்லை. உள்ளே இருப்பவளுக்கு என் கூச்சல் கேட்காது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. கயிற்றை இழுத்தேன்.

மோட்டார் அடங்கியது. அக்கா கயிற்றை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து சேம்பருக்குள் குனிந்து பார்த்தாள். உள்ளே வெறும் ஈரம்தான்.

"ஒண்ணும் வரலையே. எதுக்கு இழுத்த?"

அவளுக்கு என் வாய் தெரியும்படி திரும்பிக்கொண்டேன். "பயமா இருந்துச்சுக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். மடங்காத என் விரலைப் பார்த்தாள்.

"இழு" என்றாள். "பயந்தாலும் இழு. நீ இழுக்கற ஒவ்வொரு தடவையும் நிறுத்துவேன்."

உள்ளே போனாள். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் மறுபடி இழுத்தேன். நின்றது.