மீன் தலைக்காகச் செம்பாக்கம் தாண்டியவள்

அப்போது நான் எலிகளின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எலியைப் பலகைப் பாதையில் ஓடவிட்டு, அதன் மூளைச் செல்களின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்பதுதான் வேலை. பாதையின் ஒரு மூலையில் மட்டும் சாக்லேட் பால் ஒரு துளி இருக்கும். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸும், பிடித்ததைத் தேடி ஓடவைக்கும் இன்னொரு பகுதியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது கேள்வி.

"எலிக்குப் பால் ஊத்த ஒரு பிஎச்டியா?" என்று கணவர் கிண்டலடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அஸ்தினாபுரத்திலிருந்து மாடம்பாக்கத்துக்குக் குடிபோனோம். புது வீடு எழும்பும்போதே வாக்கிங் என்று சொல்லி எங்கள் பெண் நாயையும் கணவர் அங்கே வரை நடத்திக் கூட்டிவருவார். குடிவந்த வாரமே, ஒரு காலையில் அவளைக் காணவில்லை. கேட் திறந்து கிடந்தது. கணவர் கோயில் வரைக்கும் தெருத்தெருவாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மெயின் ரோட்டுப் பக்கம் போயிருந்தா அவ்ளோதான்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில்தான் எனக்குப் பொறிதட்டியது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா தினமும் அவளுக்கு ஒரு மீன் தலை போடுவார். நாங்கள் சைவம், அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

"ஸ்கூட்டரை எடுங்க. பழைய தெருவுக்குப் போவோம்."

"அவ்ளோ தூரமா? செம்பாக்கம் ஏரியெல்லாம் தாண்டணும்!"

"வழி அவளுக்குத் தெரியும். ஆசையும் இருக்கு. போங்க."

தெருமுனையில் அக்காவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் ஏரிச் சேறு. எங்களைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டினாள், எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா, நீங்க மட்டும் வூடு மாத்திக்கினு, இத்தை இங்கியே வுட்டுட்டீங்களா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, மாடம்பாக்கத்துலேருந்து தானா வந்திருக்கா."

"ஒண்டியாவா? அடி என் கண்ணு!" என்று இன்னொரு தலையை வெட்டிப் போட்டார்.

கணவர் சேற்றோடு அவளைக் கட்டிக்கொண்டார். திரும்பும்போது, "உன் எலிங்களுக்கு தேங்க்ஸ் சொல்லிடு" என்றார்.

கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டோம். அதற்கு ஈடாக, ஞாயிறு காலைகளில் ஸ்கூட்டரின் முன்பக்கம் அவளை நிறுத்திக் கணவரே அக்காவிடம் அழைத்துப் போனார். சில மாதத்தில், மீனையே தொடாத அந்த மனிதர் சங்கரா எது, வஞ்சிரம் எது என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.