பேராச்சி பிடுங்கிய வரிசை

"சீக்குச் செடியப் பிடுங்குனது ஒரு தப்பா?" என்று பேராச்சி என்னிடம் கேட்டாள்.

குற்றாலம் போகும் சாலையோரம் அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தக்காளி போட்டால் பூக்கும் முன்பே இலையெல்லாம் சுருண்டுவிடும். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். மருந்தடித்துச் சலித்து, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, பக்கத்து விதைக் கம்பெனி வயலுக்குக் கூலிக்குப் போனாள்.

அந்த வயலைப் பார்த்துக்கொண்டவள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் ஷெர்லின். எங்கோ வெளிநாட்டு மலையில் முளைக்கும் காட்டுத் தக்காளி ஒன்று. காய் சுண்டைக்காய் அளவு, வாயில் வைக்க முடியாது, ஆனால் வைரஸுக்கு அசையாது. அதன் மகரந்தத்தை நம் தக்காளிப் பூவில் தொட்டுவைத்து, பிறந்த செடியை மறுபடி மறுபடி நம் தக்காளியோடே சேர்த்துவந்தாள். காய் பெருக்க வேண்டும், அந்தத் திடமும் போய்விடக் கூடாது.

"இந்த வெயில் காலம் தாங்கிட்டாப் போதும்க்கா. மொத விதை ஒங்க நெலத்துக்குத்தான்."

அந்த ஒரு சொல்லைப் பேராச்சி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சித்திரையில் ஷெர்லின் மதுரைக்குப் போனாள். களை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தாள். பாத்திகளுக்கு நடுவே ஒரு வரிசைச் செடி சுருண்டு, மஞ்சளாய், ஈ மொய்த்து நின்றது. இது பரவினால் தன் விதை போய்விடுமே! அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்தாள்.

காவலுக்கிருந்த மாடக்கண்ணு சிரித்தார். "ஏட்டி, கூலி களைக்குத்தான். தீ மூட்டுததுக்குத் தனியாத் தருவாவளா?"

"சீக்கப் பாத்துக்கிட்டே பீடி குடிக்க ஒமக்கு மனசு வருது. எனக்கு வரல அண்ணாச்சி."

திரும்பி வந்த ஷெர்லின் வயலைப் பார்த்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அந்த வரிசைய நான்தான் நட்டுவச்சேன். அதுல இருந்து ஈ போயி மத்த செடியெல்லாம் உறிஞ்சணும். உறிஞ்சியும் எது தாங்குதுன்னு பாக்கணும். இப்பம் எல்லாமே பச்சையா நிக்கு. எதை வச்சு நல்லதப் பிரிப்பேன்?"

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே தாயி."

ஷெர்லின் எழுந்து, சீக்குச் செடி தேடிக் கிளம்பினாள்.

மறுபடி சீக்குச் செடிகள் கொண்டுவந்து நட்டார்கள். அவை வேர் பிடிப்பதற்குள் குற்றாலச் சாரல் மழை முந்திக்கொண்டது. அருவியில் தண்ணீர் விழுகிறதென்று ஊரே சந்தோஷப்பட்டது. ஈக்கள் மழையில் ஒடுங்கிப்போக, சோதனை நின்றுபோனது. செலவு கூடுகிறதென்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த கம்பெனி, வயலைக் கைவிட்டு, ஷெர்லினை ஓசூருக்கு மாற்றியது. விதைகள் என்ன ஆயின என்று இங்கே யாருக்கும் தெரியாது.

பேராச்சியின் நிலத்தில் இப்போது அருவி சீசனுக்கு வரும் வேன்கள் நிற்கின்றன. சக்கரம் ஏறி ஏறி மண் இறுகிவிட்டது. இனி அதில் மண்வெட்டி இறங்காது என்கிறாள்.

விதை சோதிக்கும் வயலுக்கு வேலைக்குப் போகிறவரோ, அங்கே ஆள் வைப்பவரோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்: எந்தச் செடி எதற்கு நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும், சொல்லிவைக்கவும் வேண்டும். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.