மழைதான் முதல் அட்டை

கண்ணுங்களா, உங்கள் அப்பா வரைந்தவற்றில் பெருமைக்குரியவை கடைப் பலகைகள் அல்ல. புடவைப் பெட்டி மூடிகளை வெட்டி வரைந்த ஐந்து அட்டைகள்தான். நீங்கள் பிறப்பதற்கு முன்பு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு டீச்சர் கேட்டு வரைந்து கொடுத்தேன். மழை பெய்வது, ஏரி நிரம்புவது, மதகு திறப்பது, நாற்று நடுவது, நெல் விளைந்து தலைசாய்ந்து நிற்பது. எண் மட்டும் போடக் கூடாது என்றார் டீச்சர். போட்டால் பிள்ளைகள் எண்ணைப் பார்ப்பார்கள், கதையைப் பார்க்க மாட்டார்களாம். எட்டாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் அன்றுதான் உறைத்தது.

ஐந்து பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டு ஆளுக்கோர் அட்டை எடுப்பார்கள். கயிறு கட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கலைந்து நிற்பார்கள். மற்ற பிள்ளைகள் கைதட்டி, “முதல்ல இன்னா? அப்பறம் இன்னா?” என்று கத்தக் கத்த, ஒருவரையொருவர் இழுத்தும் தள்ளியும் கதையின் வரிசைக்கு வந்து சேருவார்கள்.

ஆண்டு விழா மேடையில் இதையே செய்வதென்று முடிவானது. பைக்குள் கைவிட்டபோது மழை அட்டை காலனிப் பிள்ளை ஒருத்திக்கு வந்தது. நெல் அட்டை ஊர்த் தலைவரின் பேரனுக்கு. ஒத்திகையைப் பார்க்க வந்த தலைவருக்கு முகம் மாறிவிட்டது.

“எங்க வூட்டுப் பையன் கடேசி, காலனிப் பொண்ணு முதல்லயா? இன்னா டீச்சர் இது?”

“உங்க கழனியில நெல்லு விளைஞ்ச அப்பறந்தான் மழை பெய்யுதுங்களா, அய்யா?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தலைவர் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். அவருடைய ரைஸ்மில் சுவரில் எழுதுவதற்காக நான் பெயிண்ட் எல்லாம் வாங்கி வைத்திருந்த நேரம்.

“இன்னாப்பா பெயிண்டர், மழைக்கு முன்னால வெயில் அடிக்குதுல்ல? ஒரு சூரியனைப் போட்டுக் குடு. என் பேரன் மாட்டிக்கினு முன்னால நிக்கட்டும். அப்பறமா மில்லு சுவத்துல கை வை.”

அவருக்கு அது ஓர் அட்டை. அந்தப் பிள்ளைக்கோ, குழாயடியிலும் கடைசி, சாப்பாட்டு வரிசையிலும் கடைசி. கதை ஒன்றுதான் அவளை முன்னால் கூப்பிட்டிருந்தது.

நான் பயந்தவன்தான், மறைக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். டீச்சர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, “சூரியனுக்கு முன்னால இன்னா?” என்றார்.

“ராத்திரி!”

“அதுக்கு முன்னால?”

“சாயங்காலம்!”

மழை அட்டை மாட்டியிருந்தவள் மட்டும் கத்தவில்லை. அட்டையின் இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இத்த புடுங்கிக்குவாங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

டீச்சர் என் பக்கம் பார்த்தார். “எத்தினி அட்டை வரையப் போறீங்க அண்ணே?”

மில்லுக்குப் போனேன். “வரைய மாட்டேன் தலைவரே.”

“சோத்துக்கு இன்னா பண்ணுவ?”

“இந்த ஊர்ல சுவத்துக்கா பஞ்சம்?” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினேன்.

விழாவுக்குப் பேரனை அவர் அனுப்பவில்லை. டீச்சரும் நெல் அட்டையை வேறு யாருக்கும் மாட்டவில்லை. அவன் வந்தால் நிற்கட்டும் என்று இடத்தை அப்படியே விட்டுவைத்தார். மழை முதலில் வந்து நின்றது. பின்னால் ஏரி, மதகு, நாற்று. “அப்பறம் இன்னா?” என்று பிள்ளைகள் கத்தினார்கள். மேடையில் வெறும் இடம். கூட்டம் தலைவரையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மழை அட்டைப் பிள்ளையின் அம்மா எழுந்தாள்.

“நட்டது நாங்க. அப்பறம் இன்னான்னு எங்களுக்குத் தெரியாதா? நெல்லுதான்!”

ஓவென்று சிரிப்பு, கைதட்டல். முன்னால் நின்ற மகள் இம்மியும் நகரவில்லை.

மில் சுவர் வேறொருவருக்குப் போயிற்று. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மில்லுக்கென்று வாங்கிய பெயிண்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் ஐந்து படங்களையும் ஆள் உயரத்துக்கு வரைந்தேன். மழைக்குள் இரட்டைச் சடையோடு ஒரு சின்னப் பெண்ணை நிற்க வைத்தேன். ஊர்த் தெருவிலிருந்து மில்லுக்குப் போகிற யாரும் முதலில் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.